மொரீஷியஸின் மோக்கா கிளை லைனும் கார்த்தியே மிலித்தேர் ஸ்டேஷனும்: இருந்ததா, ஏன் மூடினார்கள்?

12 பிப்ரவரி 2023

வாசகர் ஒருவர் கேட்டது: "ரோஸ் ஹில்லிலிருந்து ரெதுய் வரை மெட்ரோ கிளையை போன மாதம் திறந்தார்கள். மோக்கா பக்கம் இதற்கு முன் ரயிலே வந்ததில்லை என்கிறார் என்னோடு வேலை செய்பவர். இன்னொருவர், வந்தது, ஏற ஆள் இல்லாமல் மூடிவிட்டார்கள் என்கிறார். எது சரி?"

வந்தது. 1876-இல் திறந்த லைன் அது. ரோஸ் ஹில்லில் மெயின் லைனை விட்டுப் பிரிந்து மோக்கா, சென் பியர், கார்த்தியே மிலித்தேர், மோந்தாஞ் பிளான்ஷ் என்று தீவின் நடு மேட்டைக் கடந்து, கிழக்கே ரிவியேர் செஷ்ஷில் வடக்கு லைனோடு போய்ச் சேர்ந்தது. ஆள் இல்லாமல் மூடினார்கள் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் பிறந்தது கார்த்தியே மிலித்தேரில். அந்த ஸ்டேஷனில் ரயில் ஏறியவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். இரவு உட்கார்ந்து விவரமாக எழுதுகிறேன்.

12 பிப்ரவரி, இரவு

மெட்ராஸ் ராஜதானியின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது 1856-இல். அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1864 மே 23 அன்று, இந்தச் சின்னத் தீவில் வடக்கு லைன் திறந்தது. போர்ட் லூயியிலிருந்து பாம்பிள்முஸ், ஃபிளாக் வழியாகக் கிழக்குக் கரைக்குப் போகும் லைன். அடுத்த ஆண்டு அக்டோபர் 22 அன்று மிட்லண்ட் லைன்: போர்ட் லூயி, ரோஸ் ஹில், கியூர்பிப், கடைசியில் தெற்கே மாயேபூர். இந்த இரண்டும்தான் மெயின் லைன். கிளைகள் எல்லாம் பின்னால் வந்தவை. மோக்கா 1876, ரோஸ் பெல்லில் பிரிந்து சூயாக் போகும் சவான் கிளை 1878, மோந்தாஞ் லோங் 1903, பிளாக் ரிவர் 1904.

எல்லாமே ஸ்டாண்டர்ட் கேஜ், அதாவது 1435 மில்லிமீட்டர். இந்தியாவில் ஓடும் பிராட் கேஜ் இல்லை, மீட்டர் கேஜும் இல்லை. இன்றைய மெட்ரோவும் அதே 1435-தான்.

மேட்டில் ஏறுவதுதான் இந்த ரயிலுக்குப் பெரிய சோதனை. போர்ட் லூயி கடல் மட்டத்தில் இருக்கிறது, கியூர்பிப் ஏறக்குறைய 550 மீட்டர் உயரத்தில். மிட்லண்ட் லைனில் 27 அடி போனால் ஓர் அடி ஏறும் சரிவுகள் இருந்தன. பல்சக்கரம் எதுவும் இல்லாமல், வெறும் சக்கரப் பிடிப்பை நம்பி ஏறும் ரயிலுக்கு இது மிகக் கடுமையான சரிவு. 1927-இல் மான்செஸ்டரின் பேயர் பீகாக் கம்பெனியிலிருந்து மூன்று கேரட் எஞ்சின்கள் வாங்கியது இதற்காகத்தான். நடுவில் பாய்லர், முன்னும் பின்னும் தனித்தனிச் சக்கரத் தொகுதி. பாரம் பல சக்கரங்களுக்குப் பிரிவதால் பிடிப்பும் கூடும், வளைவிலும் திரும்பும்.

13 பிப்ரவரி

தரங்கம்பாடி லைனோடு ஒப்பிட முடியுமா என்று மயிலாடுதுறை நண்பர் கேட்டிருக்கிறார். அதையும் 1986-இல் மூடினார்கள், அந்த ஊர்க்காரர்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், தெரியும். ஆனால் அது கடற்கரையில் போய் முடிந்துவிடும் லைன். மோக்கா கிளை முட்டுச்சந்து இல்லை. ஒரு மெயின் லைனில் தொடங்கி இன்னொன்றில் சேர்ந்தது. கிழக்கிலிருந்து ரோஸ் ஹில், கியூர்பிப் இருக்கும் பிளேன் வில்ஹெம்ஸ் மாவட்ட நகரங்களுக்கு வர நினைப்பவர் போர்ட் லூயியைச் சுற்ற வேண்டியதில்லை, நடு மேட்டைத் தாண்டி நேராக வந்துவிடலாம். ரிவியேர் செஷ் என்ற பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? அப்போது அது ஒரு சந்திப்பு.

17 பிப்ரவரி

இங்கே ரயில் வரலாறு என்று எதை எடுத்தாலும் ரோஸ் ஹில்லும் கியூர்பிப்பும் வளர்ந்த கதைதான் வருகிறது. 1860-களின் பிற்பகுதியில் மலேரியா தீவைப் பிடித்தது. 1867-இல் போர்ட் லூயியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். வசதி இருந்தவர்கள் குளிர்ந்த மேட்டுக்குக் குடிபோனார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் திறந்த மிட்லண்ட் லைன் அதற்குத் தோதாக இருந்தது. காலையில் இறங்கிப் போய்த் துறைமுகத்தில் வேலை, மாலையில் மேலே ஏறி வீடு. அந்த நகரங்கள் இப்படித்தான் உருவாயின. உண்மைதான், நல்ல கதைதான்.

ஆனால் அது மெயின் லைனின் கதை. கிளை லைனை வீடு மாற்ற நினைத்தவர்களுக்காகப் போடவில்லை, சர்க்கரைக்காகப் போட்டார்கள். 1860-களில் தீவு முழுக்க 300-க்கு அருகில் ஆலைகள் இருந்தன. ஒவ்வொரு எஸ்டேட்டும் தன் கரும்பைத் தானே பிழிந்தது, ஏனென்றால் வெட்டிய கரும்பை மாட்டு வண்டியில் அதிக தூரம் இழுத்தால் சாறு கெட்டுவிடும். ரயில் வந்த பிறகு சின்ன ஆலைகள் மூடிக்கொண்டே வந்தன, பெரியவை இன்னும் பெரிதாயின. இன்று தீவில் மூன்றே ஆலைகள். கார்த்தியே மிலித்தேர் போன்ற ஊரில் ஸ்டேஷனின் முக்கியமான கட்டடம் பயணிகள் நிற்கும் கொட்டகை இல்லை, சரக்குக் கிடங்குதான்.

ஊரின் பெயருக்கு விளக்கம் கேட்டவருக்கு ஒரு வரி: பிரெஞ்சு ஆட்சியில், தப்பியோடிய அடிமைகளிடமிருந்து வழிப்போக்கர்களைக் காக்க என்று அங்கே ஒரு படைநிலை இருந்தது, ‘படைப் பகுதி’ என்ற பொருளில் அந்தப் பெயர் நின்றுவிட்டது.

25 பிப்ரவரி

இந்த இழையில் ஒருவர் படம் போட்டிருக்கிறார், கரும்புக் காட்டுக்கு நடுவே இரண்டு தண்டவாளத் துண்டுகள். "இதுதான் மோக்கா லைனா?" இல்லை. படத்தில் கிடப்பது எஸ்டேட்டின் டிராம் தடம். கரும்பைக் காட்டிலிருந்து ஆலைக்கு இழுக்க எஸ்டேட்டுகள் தாங்களே போட்டுக்கொண்ட குறுகிய தடங்கள் அவை. அரசு ரயிலோடு அவற்றைக் குழப்பிக்கொள்வது இங்கே வழக்கமாகிவிட்டது.

பிரித்தறிவது கஷ்டமில்லை. எஸ்டேட் தண்டவாளம் மெலிசு. பக்கவாட்டில் கையை வைத்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு முழத் துண்டை ஒரு ஆள் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். அதே நீளமுள்ள அரசு ரயிலின் துண்டு பல மடங்கு கனக்கும். அதன் தலை அகலம், நடுத்தண்டு உயரம், தண்டின் ஓரத்தில் உருட்டிய ஆலையின் பெயரும் ஆண்டும் எழும்பிய எழுத்தில் இருக்கும். துரு மேல்தோலைத் தின்றிருந்தாலும் விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படும். அடுத்த முறை படம் எடுக்கிறவர்கள் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்து எடுங்கள், அளவு தெரியும்.

5 மார்ச்

ஞாயிற்றுக்கிழமை பெரிய மாமாவைப் பார்த்துவிட்டு வந்தேன். தொண்ணூறை நெருங்குகிறார், காது மந்தம், நினைவு மட்டும் கூர்மை. அவருடைய அப்பா கார்த்தியே மிலித்தேர் கிடங்கில் மூட்டை தூக்கினவர். பையனாக இருந்தபோது மாமா தினமும் அங்கே சோறு கொண்டுபோவாராம்.

முதலில் மழையைப் பற்றித்தான் சொன்னார். அந்த மேட்டில் மழை விட்ட நாள் குறைவு. சர்க்கரை மூட்டை நனைந்தால் இறங்கும் இடத்தில் எடை குறையும், பேச்சு வரும். அதனால் ஆலையிலிருந்து வண்டி வந்ததும் ரயிலின் சரக்கு வாகனுக்கு மாற்றும் வேலை ஓட்டமும் நடையுமாக நடக்கும், மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டுவார்கள். ஒரு காலத்தில் சர்க்கரை போனது கோணியில் இல்லை, தாழை ஓலையில் முடைந்த பையில். இங்கே வாக்குவா என்று சொல்வார்கள். வீட்டுப் பெண்கள் ஓலையைக் கீறி, முள் சீவி, காயவைத்து முடைந்து கொடுப்பார்கள். மாமாவின் பாட்டிக்கு அந்த வேலைதான். விரலில் ஓலை கீறிய தழும்புகள் இருந்ததாம்.

திரும்பி மேலே வரும் ரயிலில் அரிசி வரும். பர்மா அரிசி. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அது நின்றது. எஸ்டேட்டுகள் கரும்பு நிலத்தில் ஒரு பகுதியில் மக்காச்சோளமும் மரவள்ளியும் போட வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. மாமாவுக்கு அந்த ஆண்டுகளில் கிடங்கின் வாசனையே மாறிப்போனது நினைவிருக்கிறது. "அரிசி மூட்டை அடுக்கின மூலையில் மரவள்ளி மாவு. அதைக் கண்டாலே பசி போய்விடும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மாமி அன்றைக்கும் மரவள்ளிக் கிழங்கு அவித்துத்தான் வைத்திருந்தார். மாமாதான் முதலில் தட்டை நீட்டினார்.

பிறகு கோணியை எப்படி மழைக்குப் போட்டுக்கொள்வது என்று காட்டினார். காலி கோணியின் அடிமூலை ஒன்றை உள்ளே தள்ளி மற்ற மூலைக்குள் செருக வேண்டும். தலைக்குக் குல்லாய் போல் ஆகிவிடும், மீதி முதுகில் தொங்கும். காட்டில் வேலை செய்தவர்களும் தண்டவாள கேங்கில் இருந்தவர்களும் எல்லாரும் இதைத்தான் போட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் கிரியோல்காரர் (ஆப்பிரிக்கக் கலப்பு வம்சாவளி), அவருக்கு மட்டும் குடை.

5 மார்ச், பின்னிரவு

ஒன்று விட்டுப்போயிற்று. பயணிகள். காலை ரயிலில் ரோஸ் ஹில் சந்தைக்குக் கீரையும் சூசூ என்கிற சௌசௌக் காயும் கொண்டுபோன பெண்களை மாமா வரிசையாகச் சொன்னார், யாருடைய அம்மா, யாருடைய அத்தை என்று. அவருடைய அம்மாவும் அதில் ஒருவர். ஆள் இல்லாத ரயில் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

9 மார்ச்

"பஸ்தான் ரயிலைக் கொன்றது" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். பள்ளிப் பாடத்திலும் கிட்டத்தட்ட இப்படித்தான் சொல்கிறோம். என் கணக்கு வேறு.

1920-களிலிருந்து பஸ்ஸும் லாரியும் இரண்டுமே வந்தன. பஸ் எடுத்துக்கொண்டது பயணியை. வீட்டு வாசலில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்குகிற வண்டியோடு எந்த ஸ்டேஷனும் போட்டி போட முடியாது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கிளை லைனுக்குச் சோறு போட்டது பயணி இல்லை, சர்க்கரை. கடைசிப் பயணி ரயில் 1956 மார்ச் 31 அன்று போர்ட் லூயிக்கும் கியூர்பிப்புக்கும் இடையே ஓடியது. சரக்கு ரயில் அதன் பிறகும் 1964 வரை ஓடியது. பஸ் கொன்றது என்றால் அந்த எட்டு ஆண்டுகளுக்கு விளக்கம் என்ன? பயணி போன பிறகும் சர்க்கரை இருந்தவரை ரயில் இருந்தது. ஆலையில் ஏற்றிய மூட்டையை லாரி நேராகத் துறைமுகத்தில் இறக்கத் தொடங்கியதும் ரயிலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. நடுவில் வாகனுக்கு மாற்றுவது, தார்ப்பாய் கட்டுவது, மாமாவின் அப்பா போன்றவர்களுக்குக் கூலி கொடுப்பது எல்லாம் மிச்சம்.

இரண்டு ஆலைகளுக்கு நடுவே வாழ்ந்த ஊருக்கு இது இரட்டை அடி. ரயில் போனதும் கூலி வேலையும் போனது.

10 மார்ச்

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நஷ்டம் என்ற கணக்கை மறுக்கவில்லை. நூறு ஆண்டு ஓடிய தடம், பழைய எஞ்சின், கடும் சரிவு, இறக்குமதி நிலக்கரி. இந்தச் செலவுக்கு முன் லாரி மலிவுதான். நான் கேட்பது வேறு: சாலை போட்ட செலவை யாரும் லாரியின் கணக்கில் எழுதவில்லை, தண்டவாளச் செலவை மட்டும் ரயிலின் கணக்கில் எழுதினார்கள். நஷ்டம் யாருடைய நஷ்டம் என்பதை இப்படிப் பிரித்தால்தான் புரியும்.

22 மார்ச்

"சர்க்கரை முதலாளிக்காகப் போட்ட ரயில், கூலிகளின் வரிப்பணத்தில். அது போனதற்கு நாம் ஏன் வருந்த வேண்டும்?" டர்பனிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த இழையில் வந்த மிக நல்ல கேள்வி இதுதான். இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

1834-இலிருந்து நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கினார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்களைப் பழைய குடியேறிகள் என்றார்கள். பெயருக்குச் சுதந்திரம். 1867-இல் வந்த தொழிலாளர் சட்டம் அவர்களுடைய கையில் டிக்கெட் என்ற படம் ஒட்டிய அடையாளச் சீட்டும் போலீஸ் பாஸும் இருக்க வேண்டும் என்றது. மாவட்டம் விட்டு மாவட்டம் போனால் பாஸைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் நாடோடி என்று பிடித்து உள்ளே போடலாம். வருடத்தைப் பாருங்கள். ரயில் வந்து மூன்றே ஆண்டு. தண்டவாளம் தீவின் மறுகரை வரை போனது, ஆனால் அந்தத் தண்டவாளத்துக்குக் கல் அடுக்கிய கூலி பக்கத்து மாவட்டத்துக்குப் போக போலீஸைக் கேட்க வேண்டும்.

இதை எதிர்த்துத்தான் 1871-இல் அடோல்ஃப் தெ பிளெவிட்ஸ் என்ற ஐரோப்பியர் ஒரு மனுவைத் திரட்டினார். 9,401 பேர் கையெழுத்தும் கைநாட்டும் போட்டார்கள். அவருக்குத் துணை நின்றவர் ராஜரத்தினம் முதலியார் என்ற நம் தமிழர். தெ பிளெவிட்ஸ் இருந்த நூவெல் தெகூவெர்த் எஸ்டேட்டும் எங்கள் மேட்டுநிலத்துப் பக்கம்தான். மனுவின் பலனாக அரச விசாரணைக் கமிஷன் 1872-இல் வந்தது, 1875-இல் அறிக்கை கொடுத்தது. முதலாளிகள் கூலிகளை எப்படி நடத்தினார்கள், போலீஸ் எப்படி வேட்டையாடியது என்று பக்கம் பக்கமாக அதில் இருக்கிறது. அடுத்த ஆண்டு மோக்கா கிளை திறந்தது. 1878-இல் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள்.

ஆக, மோக்கா லைன் சர்க்கரைக்காக வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது வந்த நேரம், நம் ஆட்கள் பாஸ் இல்லாமல் நடமாடும் உரிமைக்குப் போராடி, கொஞ்சம் கொஞ்சமாக அதைப் பெற்றுக்கொண்டிருந்த நேரம். மாமாவின் அம்மா கீரைக் கூடையோடு, யாரையும் கேட்காமல், காசு கொடுத்து டிக்கெட் வாங்கி ரோஸ் ஹில் போய்விட்டு மாலையில் திரும்பினார். அவருடைய பாட்டி காலத்தில் அது நடந்திருக்காது. சர்க்கரைக்காகப் போட்ட ரயிலை நம் பெண்கள் தங்கள் ரயிலாக மாற்றிக்கொண்டார்கள். நான் வருந்துவது அந்த ரயிலுக்காக.

29 மார்ச்

டர்பன்காரர் பதில் போட்டிருக்கிறார், அங்கேயும் பாஸ் கதை இதேதானாம். நட்டால் ரயில்வேயில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்த தமிழர்கள் பற்றித் தனி இழை தொடங்கச் சொல்லியிருக்கிறேன். இங்கே கலக்க வேண்டாம்.

18 ஏப்ரல்

மிச்சம் என்ன இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். தண்டவாளம் பெரும்பாலும் பழைய இரும்பாக விலை போய்விட்டது. மாயேபூர் வரலாற்று அருங்காட்சியகத் தோட்டத்தில் பழைய ரயில் பெட்டி நிற்கிறது, குழந்தைகளை அழைத்துப் போங்கள். மேட்டில் இருப்பதெல்லாம் வீட்டு மிச்சம். எங்கள் தெருவில் ஒரு மாட்டுக் கொட்டிலுக்கு உத்தரம் தண்டவாளம்தான். மாமா வீட்டு கேட்டின் இடது தூணும் அதுவே. பொங்கலுக்குப் பொங்கல் பெயிண்ட் அடித்து அடித்து எழுத்து மூடிவிட்டது. சுரண்ட மாமி விடவில்லை.

2 ஜூன்

மெட்ரோவை ரெதுய்யிலிருந்து கோத் தோர் வழியாக சென் பியர் வரை நீட்டும் திட்டம் பற்றிக் கேட்டவர்களுக்கு: நீட்டினால் நல்லதுதான். சென் பியர் 1876-இலேயே ரயில் பார்த்த ஊர். ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள் என்பேன். காலையில் கார்த்தியே மிலித்தேரிலிருந்து கிளம்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிற பிள்ளைகளைப் பார்த்திருந்தால் நீங்களும் அதையே சொல்வீர்கள். ஸ்டேஷன்களுக்குப் பெயர் வைக்கும்போது பழைய லைனின் பெயர்களையும் எங்காவது எழுதிவைத்தால் போதும், புதிதாக யோசிக்க வேண்டியதில்லை.

9 ஜூலை

கிராம சபைக்கு மனு கொடுத்திருக்கிறோம். ஸ்டேஷன் இருந்த இடத்தில் ஒரு பலகை, அவ்வளவுதான் கேட்டது. 1876 என்ற ஆண்டு, ரோஸ் ஹில்லிலிருந்து ரிவியேர் செஷ் வரை என்ற வழி, தாழை ஓலைப் பையின் படம் ஒன்று. சந்தைக்குப் போன பெண்களைப் பற்றியும் ஒரு வரி வேண்டும் என்று மாமா அடம்பிடித்தார், சேர்த்துவிட்டோம். விடுமுறையில் கோரமண்டலில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு என் பழைய மாணவர் ஒருவரோடு போகிறேன். அந்தக் கிளையில் வேலை செய்தவர்களின் பெயர்ப் பட்டியல், சம்பளப் பதிவு, எது கிடைத்தாலும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது மோந்தாஞ் பிளான்ஷ் ஸ்டேஷனிலோ ரிவியேர் செஷ்ஷிலோ ஏறியிருந்தால், உடனே கேட்டு எழுதுங்கள். கிழக்குப் பாதியைப் பற்றி இந்த இழையில் இன்னும் ஒரு வரிகூட வரவில்லை.